நடனம் ஒருவர், உறுமி ஒருவர், ஓவியம் இன்னொருவர்: சேர்ந்து செய்த ஷோ யாருக்குச் சொந்தம்?

பிரிக்பீல்ட்ஸில் பரதம் கற்றவர் ஒருவர். கிள்ளானில் உறுமி மேளக் குழுவில் வாசிப்பவர் ஒருவர். கணினியில் ஓவியம் வரைந்து அதை அசையவைப்பவர் இன்னொருவர். மூவரும் நண்பர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'சேர்ந்து ஒரு ஷோ பண்ணலாமே' என்று ஒருவர் சொல்ல, அன்றே வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கிவிடும்.

இது வரைக்கும் எல்லாமே சுலபம். சிக்கல் ஒத்திகையில்தான் ஆரம்பிக்கும். தாளத்தை யார் மாற்றிக்கொள்வது? விளக்கைக் குறைத்தால் திரை நன்றாகத் தெரியும், ஆனால் ஆடுபவர் முகம் தெரியாதே? நிகழ்ச்சி நன்றாகப் போய், அடுத்த ஆண்டு பினாங்கிலோ சிங்கப்பூரிலோ நடத்த அழைப்பு வந்தால், மூவரில் ஒருவர் வரமுடியாவிட்டால் என்ன செய்வது?

இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. கிள்ளான் பள்ளத்தாக்கில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம் கலைஞர்கள் இவற்றுக்குப் பதில் தேடி வந்திருக்கிறார்கள். அவர்கள் எப்படிச் செய்தார்கள், நீங்கள் செய்ய நினைத்தால் எதை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும் என்று பார்ப்போம்.

கூட்டுப் படைப்பு என்றால் என்ன?

பாட்டு ஏற்கெனவே ரெடி. அதற்கு ஒருவர் ஆடுகிறார். பின்னால் ஒரு படம் ஓடுகிறது. மேடையில் மூன்று கலைகள் இருக்கின்றன, ஆனால் இதைக் கூட்டுப் படைப்பு என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம். ஆடுபவருக்காகப் பாட்டு மாறவில்லை, படத்துக்காக ஆட்டம் மாறவில்லை. ஒன்றை எடுத்துவிட்டாலும் மற்ற இரண்டும் அப்படியே நிற்கும்.

ஒரு கலைஞர் செய்யும் தேர்வு இன்னொரு கலைஞரின் தேர்வை மாற்றும்போதுதான் உண்மையான கூட்டு வேலை தொடங்குகிறது. உறுமியின் இழுவை ஒலியைக் கேட்டு ஆடுபவர் ஓர் அடவை மெதுவாக்குகிறார். அந்த மெதுவான அசைவைப் பார்த்து ஓவியர் கோடுகளைக் குறைக்கிறார். இப்படி ஒருவர் கை வைத்த இடத்தில் மற்றவர் கையும் படும்.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. சீனப் பள்ளிகளின் நிகழ்ச்சிகளில் '24 பருவ முரசு' பார்த்திருப்பீர்கள். இது சீனாவிலிருந்து அப்படியே வந்த பழைய கலை என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இது 1988-இல் ஜொகூர் பாருவில் பிறந்தது. கவிஞரும் பண்பாட்டு ஆர்வலருமான தான் சாய் புவானும் இசைக்கலைஞர் தான் ஹூய் சோங்கும் இணைந்து இதை உருவாக்கினார்கள். சீன நாட்காட்டியின் 24 பருவப் பெயர்களை 24 முரசுகளின்மீது தூரிகையால் எழுதவைத்தார்கள். வேளாண் நாட்காட்டி, எழுத்துக்கலை, முரசு, உடல் அசைவு எல்லாம் ஒரே வடிவத்தில் சேர்ந்தன. இன்று இந்த முரசுகளிலிருந்து எழுத்தை மட்டும் தனியே பிரிக்க முடியுமா?

பிரிக்பீல்ட்ஸ் சொல்லும் பாடம்

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் பெர்ஹாலா பக்கம் போயிருந்தால் 'டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்' கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். 'மனதாரச் சாப்பிடுங்கள், மனதில் தோன்றியதைக் கொடுங்கள்' என்ற முறையால் பெயர்பெற்ற அன்னலட்சுமி உணவகம் இந்த அமைப்பைச் சேர்ந்ததுதான். சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழிகாட்டுதலில் 1981-இல் தொடங்கிய இந்த அமைப்பில் நடனம், வாய்ப்பாட்டு, வாத்தியங்கள் எல்லாம் ஒரே கூரையின்கீழ் கற்பிக்கப்படுகின்றன.

இந்தக் 'ஒரே கூரை' ரொம்ப முக்கியம். நடன வகுப்பு முடிந்து வெளியே வருபவர் பக்கத்து அறையில் தபேலா வாசிப்பவரைத் தினமும் பார்க்கிறார். பெரிய நாட்டிய நாடகம் வரும்போது இருவரும் அந்நியர்கள் அல்ல. இங்கே தன்னார்வலர்கள்தான் முதுகெலும்பு.

இவர்களின் புகழ்பெற்ற தயாரிப்புகளில் ஒன்று 'லெஜண்ட் ஆஃப் லேடி வைட் ஸ்நேக்'. பெண்ணுருக் கொண்ட வெள்ளைப் பாம்பு மனிதன் ஒருவனைக் காதலிக்கும் சீன நாட்டுப்புறக் கதை அது. அதை இந்திய நடனத்தில் சொன்னார்கள். சீன உடையைப் போட்டுவிட்டுப் பரதம் ஆடினால் வேலை முடிந்துவிடுமா? முடியாது. கதையின் பாத்திரங்களுக்கு எந்த முத்திரை, எந்த ராகம், எந்த நிறம் என்று நடனக்காரரும் இசைக்காரரும் உடை தைப்பவரும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டியிருக்கும். கதை சீனக் குடும்பத்துப் பாட்டிக்கும் தெரியும், அசைவு தமிழ்ப் பாட்டிக்கும் தெரியும். ஒரே அரங்கில் இருவரும் உட்கார்ந்து பார்க்கலாம்.

ஐந்து பேர், ஐந்து கலைகள்

1984-இல் கோலாலம்பூரில் 'ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர்' தொடங்கியது. தொடங்கியவர்களின் பட்டியலைப் பாருங்கள்: நாடக இயக்குநர்கள் கிருஷன் ஜித், சின் சான் சூய், நடனக் கலைஞர் மேரியன் டி'குரூஸ், ஓவியர் ரெட்சா பியதாசா, எழுத்தாளர் கே.எஸ். மணியம். நாடகம், நடனம், இசை, காட்சிக்கலை, சிறார் நாடகம் ஆகிய ஐந்தும்தான் பெயரில் இருக்கும் 'ஐந்து'.

கே.எஸ். மணியம் நமக்கு நெருக்கமான பெயர். 1942-இல் கெடா, பெடோங்கில் பிறந்த தமிழர். எழுதியது ஆங்கிலத்தில். தோட்டப்புறத்து வாழ்க்கையையும் குடியேறிவந்த குடும்பங்களின் மனப் போராட்டத்தையும் 'தி ரிட்டர்ன்' நாவலிலும் 'தி கார்ட்' நாடகத்திலும் பதிவு செய்தவர். 2020-இல் மறைந்தார்.

1995-இல் அவருடைய எழுத்தை வைத்து கிருஷன் ஜித் இயக்கிய 'ஸ்கின் டிரிலஜி' வழக்கமான நாடக அரங்கில் நடக்கவில்லை. தேசிய ஓவியக் கலைக்கூடத்தில் நடந்தது. அப்போது அந்தக் கலைக்கூடம் பழைய ரயில் நிலையத்துக்கு எதிரே, மெஜஸ்டிக் ஹோட்டல் கட்டடத்தில் இயங்கி வந்தது.

இடம் மாறினால் என்ன மாறும்? அரங்கில் திரை உண்டு, இருட்டு உண்டு, பார்வையாளருக்கு நிலையான இருக்கை உண்டு. ஓவியக்கூடத்தில் வெள்ளைச் சுவர்கள்தான். அங்கே காட்சிக்கலைஞர் செய்வதை 'பின்னணி' என்று ஓரமாக வைக்க முடியாது. நடிகர் அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி. எந்தக் கலையின் வீட்டில் ஒத்திகை நடக்கிறதோ, அந்தக் கலைக்கு இயல்பாகவே அதிகாரம் கூடும். உங்கள் குழுவிலும் இதைக் கவனித்துப் பாருங்கள். எப்போதும் நடன ஸ்டூடியோவிலேயே சந்தித்தால், உறுமிக்காரர் எப்போதும் 'கூப்பிட்டு வந்தவர்' ஆகவே இருப்பார். ஒரு முறையாவது கிள்ளானில், அவர்கள் வாசித்துப் பழகும் இடத்தில் சந்தியுங்கள்.

தித்திவங்சாவில் ஓர் ஓவியரின் ஒளி

ரம்லி இப்ராஹிம் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பொறியியல் படித்தவர். ஆஸ்திரேலியாவில் சிட்னி டான்ஸ் கம்பெனியில் ஆடியவர். பரதத்தை அடையாறு கே. லக்ஷ்மணிடமும் ஒடிசியைத் தேவபிரசாத் தாஸிடமும் கற்றவர். 1983-இல் அவர் நிறுவிய 'சூத்ரா' கோலாலம்பூர் தித்திவங்சாவில் இருக்கிறது. 2018-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

சூத்ராவின் மேடையை நினைவில் நிற்கவைப்பது நடனம் மட்டும் இல்லை, ஒளியும்தான். அங்கே நீண்ட காலமாக ஒளியமைப்பைக் கவனித்துவரும் சிவராஜா நடராஜன் அடிப்படையில் ஓர் ஓவியர். நடனக் கலைஞர்களை வரைந்து பழகிய கண், விளக்கை எங்கிருந்து அடித்தால் உடலின் வளைவு தெரியும் என்று கணக்குப் போடுகிறது. ஒரு துறையில் கற்றதை இன்னொரு துறையில் பயன்படுத்தும் இப்படி ஒருவர் குழுவில் இருந்தால், பாதி மொழிபெயர்ப்பு வேலை மிச்சம்.

முடிவெடுப்பது யார்? மூன்று வழிகள்

உலக மேடை வரலாற்றைப் பார்த்தால், இதற்குப் பெரும்பாலும் மூன்று வகையான பதில்கள் கிடைக்கின்றன.

முதல் வழி: ஒருவரின் கனவு, பலரின் கை. சென்னையில் 1936-இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் தம் நாட்டிய நாடகங்களை இப்படித்தான் உருவாக்கினார். ராமாயண வரிசைக்கு இசையமைத்தவர் மைசூர் வாசுதேவாச்சாரியார். 1961-இல் அவர் மறைந்தபின் மீதிப் பகுதிகளுக்கு அவருடைய பேரன் எஸ். ராஜாராம் இசையமைத்து முடித்தார். எல்லாரும் பெரிய கலைஞர்கள். ஆனால் கடைசி வார்த்தை ருக்மிணி தேவியுடையது. நேரம் குறைவாக இருக்கும்போது இந்த வழி நன்றாக வேலை செய்யும். மற்றவர்கள் வெறும் 'உதவியாளர்' ஆகிவிடும் ஆபத்தும் இதில்தான் அதிகம்.

இரண்டாவது வழி: தனித்தனியே செய்து மேடையில் சந்திப்பது. அமெரிக்க நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் இசையமைப்பாளர் ஜான் கேஜும் பல படைப்புகளில் மொத்த நேரம் எவ்வளவு என்பது போன்ற சில விஷயங்களை மட்டும் பேசிவைத்துக்கொண்டு, நடனத்தையும் இசையையும் தனித்தனியே உருவாக்கினார்கள். முதல் நிகழ்ச்சி அன்றுதான் ஆடுபவர்கள் இசையைக் கேட்ட சந்தர்ப்பங்களும் உண்டு. யாரும் யாருக்கும் கீழ் இல்லை. ஆனால் கதை சொல்ல வேண்டும் என்றால் இது செட் ஆகாது.

மூன்றாவது வழி: வெறுங்கையோடு ஒத்திகை அறைக்குள் போய், சேர்ந்தே உருவாக்குவது. ஸ்கிரிப்ட் முதலில் இருக்காது. ஒருவர் ஓர் அசைவைக் காட்டுவார், இன்னொருவர் ஒரு சொல்லைச் சேர்ப்பார். மிகவும் ஜனநாயகமான வழி, மிகவும் நேரம் பிடிக்கும் வழியும் இதுதான். 'யாருடைய ஐடியா இது?' என்பது மூன்று மாதம் கழித்து யாருக்குமே ஞாபகம் இருக்காது. சண்டையும் அங்கேதான் வரும்.

எந்த வழி சிறந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் உங்கள் குழு எந்த வழியில் போகிறது என்பது முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் முதல் வழி என்று நினைத்துக் கட்டளை போட, மற்றவர் மூன்றாவது வழி என்று நினைத்துக் காத்திருந்தால், உறவே கெட்டுப்போகும்.

ஒத்திகையில் உண்மையில் நடப்பது

மோதல்களில் பாதி, மனிதர்களால் வருவது இல்லை, சொற்களால் வருவது. மேற்கத்திய முறையில் பழகியவர் 'எட்டு எண்ணு' என்பார். பரதம் ஆடுபவருக்கு எட்டு என்றால் ஆதி தாளம். அதற்குள் நான்கு, இரண்டு, இரண்டு என்ற பிரிவு காதில் ஓடும். உறுமி வாசிப்பவர் எண்ணவே மாட்டார். அடியைக் காதால் பிடித்து, பக்கத்தில் இருப்பவரின் கையைப் பார்த்து வாசிப்பார்.

ஓர் எடுத்துக்காட்டு. ஆடுபவர் ஏழு எண்ணிக்கையில் ஒரு ஜதி அமைத்திருக்கிறார்: 'தகிட தகதிமி', அதாவது மூன்றும் நான்கும். மேளமோ நான்கு நான்காகப் போகிறது. முதல் சுற்றிலேயே இடிக்கும். 'நீ மாத்து', 'நீங்க மாத்துங்க' என்று ஆரம்பிக்கும் முன் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஏழை நான்கு முறை ஆடினால் 28. நான்கை ஏழு முறை வாசித்தால் அதுவும் 28. யாரும் எதையும் மாற்றாமல் போனாலும், 28 முடிந்ததும் இருவரும் ஒரே இடத்தில் வந்து விழுவார்கள். நடுவில் கேட்கும் அந்த இழுபறி, பார்ப்பவருக்கு ஒரு சுகமான பதற்றம். அந்த இடத்தில் விளக்கு மாறினால் கைத்தட்டல் நிச்சயம்!

ஒலி இன்னொரு பிரச்சினை. உறுமி திறந்தவெளிக்கும் ஊர்வலத்துக்கும் பழகிய வாத்தியம். வளைந்த குச்சியால் ஒரு பக்கத் தோலைத் தேய்க்கும்போது எழும் ஒலி சிறிய அரங்கில் வாய்ப்பாட்டையும் வீணையையும் விழுங்கிவிடும். 'மெதுவா வாசிங்க' என்று சொல்வது தீர்வு இல்லை. மெதுவாகத் தேய்த்தால் அந்த ஒலியே வராது. வாத்தியத்தைத் தள்ளி வைக்கலாம், இருவரும் மாறிமாறி வரும்படி அமைக்கலாம்.

ஒளியும் திரையும் எப்போதும் சண்டை போடும். முன்பக்கத்திலிருந்து அடிக்கும் விளக்கு திரையிலும் விழுந்து படத்தை வெளுக்கச் செய்யும். அதனால்தான் நடன மேடையில் பக்கவாட்டு விளக்குகள் அதிகம். அவை உடலைத் தொட்டுவிட்டுத் திரைக்குப் போகாமல் மேடைக்கு அப்பால் விழும். ஆனால் பக்க விளக்கில் முகத்தின் பாதி நிழலில் இருக்கும். கண்ணால் கதை சொல்லும் அபிநயத்துக்கு அது ஒத்துவராது. எந்த நிமிடத்தில் முகம் முக்கியம், எந்த நிமிடத்தில் படம் முக்கியம் என்று பட்டியல் போட்டால் போதும். ஒரே நேரத்தில் இரண்டும் முக்கியம் என்று ஆளாளுக்குச் சொன்னால், அந்தக் காட்சி இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம்.

கடைசியாகத் தரை. பரதம் வெறும் காலில் ஓங்கி மிதித்து ஆடும் கலை. வயர்கள் குறுக்கே ஓடக்கூடாது. சிமெண்ட் தரையில் வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்தால் முட்டிதான் விலை கொடுக்கும்.

கோயில் வாசலிலிருந்து மேடைக்கு

உறுமிக்கு இன்னொரு முகமும் உண்டு. கோயில் திருவிழாவில் அந்த ஒலிக்கு அருள் வந்து ஆடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த அடிகளை மேடையில் வாசிக்கலாமா? சில வாசிப்பாளர்கள் 'தாராளமா' என்பார்கள், சிலர் 'அந்த அடி வேண்டாம்' என்பார்கள். இந்த இடத்தில் முடிவு அவர்களுடையது. நடன அமைப்பாளர் 'எஃபெக்ட் நல்லா இருக்கும்' என்பதற்காக வற்புறுத்துவது சரியில்லை.

பரதத்துக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. சதிர் என்ற பெயரில் தேவதாசிக் குடும்பங்களும் நட்டுவனார்களும் காத்துவந்த கலை, 20-ஆம் நூற்றாண்டில் சபா மேடைக்கு வந்தபோது, அதைக் காத்தவர்களில் பலர் மேடையிலும் பேச்சிலும் ஓரமாகிப்போனார்கள். ஒரு கலையை அழைத்து வரும்போது அதைச் சுமந்தவர்களையும் பெயர் சொல்லி அழைத்து வருவது, அந்த வரலாற்றிலிருந்து நாம் கற்கக்கூடிய ஒன்று.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் இதற்கு அடிப்படை 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம். இளம் கலைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள்:

நடன அமைப்பும் பாதுகாக்கப்படுகிறது. சட்டம் அதை நாடகங்களோடு சேர்த்து 'இலக்கியப் படைப்பு' என்ற வகைக்குள் வைக்கிறது.

ஆனால் படைப்பு எழுத்திலோ ஒலி, காணொளிப் பதிவிலோ வேறு ஒரு வடிவத்திலோ பதிவாகியிருக்க வேண்டும். தலைக்குள் மட்டும் இருக்கும் ஐடியாவுக்குப் பாதுகாப்பு இல்லை. எனவே ஒத்திகையைத் தேதியோடு வீடியோ எடுத்து வையுங்கள்.

ஒவ்வொருவரின் பங்கையும் பிரித்துப் பார்க்க முடியாதபோதுதான் அது 'கூட்டு ஆக்கம்'. பிரிக்க முடிந்தால் இசை இசையமைத்தவருக்கு, படம் வரைந்தவருக்கு என்று தனித்தனி உரிமை இருக்கும்.

படைத்தவர் தம் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்றும், தம் மதிப்பைக் குலைக்கும் விதத்தில் படைப்பைச் சிதைக்கக்கூடாது என்றும் கேட்கலாம்.

இதுதான் பலர் கவனிக்காமல் விடுவது: ஒருவர் உங்களிடம் ஒரு படைப்பைச் செய்துதரச் சொல்லி ஒப்படைத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் உரிமை அவருக்கு மாறியதாகவே சட்டம் கருதும். 'ஃபிரண்டுதானே' என்று எதையும் எழுதாமல் இசையமைத்துக் கொடுத்தால், பின்னால் அந்த இசையை நீங்களே வேறு மேடையில் வாசிக்க அனுமதி கேட்க வேண்டிவரலாம்.

இது பொதுவான விளக்கம்தான். பெரிய தொகை சம்பந்தப்பட்டால் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

தொடங்கும் முன் ஒரு பக்கம் எழுதுங்கள்

வக்கீல் பாஷை தேவையில்லை. சாதாரணத் தமிழில் அல்லது உங்களுக்கு வசதியான மொழியில், இந்த ஆறு கேள்விகளுக்குப் பதில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டால் போதும்:

1. கருத்து வேறுபாடு வந்தால் கடைசி முடிவு யாருடையது? இசைக்கு ஒருவர், ஒளிக்கு ஒருவர் என்று பிரிப்பதா?

2. போஸ்டரிலும் நிகழ்ச்சி ஏட்டிலும் யார் பெயர், எந்த வரிசையில், எந்த அளவில் வரும்?

3. டிக்கெட் பணம் எப்படிப் பிரியும்? நஷ்டம் வந்தால் யார் ஏற்பது?

4. மறுபடியும் நடத்த யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? ஒருவர் விலகினால் அவர் உருவாக்கிய பகுதி என்ன ஆகும்?

5. யூடியூப், டிக்டாக்கில் யார் பதிவேற்றலாம்?

6. எந்த அடி, எந்தச் சடங்கு, எந்தப் பாட்டு மேடைக்கு வரக்கூடாது?

கூடவே அனுமதி விஷயமும் இருக்கு. கோலாலம்பூரில் பொது நிகழ்ச்சிக்குக் கோலாலம்பூர் மாநகர மன்றத்திடமிருந்து கேளிக்கை உரிமம் பெற வேண்டும். கிள்ளானில் நடத்தினால் அது சிலாங்கூர் மாநிலச் சட்டத்தின்கீழ், அங்குள்ள மாநகர மன்றத்தின் பொறுப்பில் வரும். இரண்டு ஊரும் ரயிலில் கொஞ்ச நேரம்தான், ஆனால் விண்ணப்பம் வேறு. வெளிநாட்டுக் கலைஞர் வந்தால் 'புஸ்பால்' அனுமதியும் தேவைப்படும். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

பணம் இல்லை என்று தயங்குபவர்கள் 'சென்டானா' போன்ற அமைப்புகள் அறிவிக்கும் கலை மானியங்களைக் கவனித்து வாருங்கள். மானியம் கேட்கும்போது 'யார் என்ன செய்கிறார்கள், செலவு எவ்வளவு' என்று எழுதித்தான் ஆக வேண்டும். மேலே சொன்ன ஒரு பக்கம் உங்களிடம் இருந்தால் அந்த வேலையில் பாதி முடிந்திருக்கும்.

அடுத்து நீங்கள் ஒரு நிகழ்ச்சிக்குப் போகும்போது, ஏட்டின் கடைசிப் பக்கத்தையும் படித்துப் பாருங்கள். மேளம் வாசித்தவர்கள் 'குழுவினர்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டார்களா, அல்லது ஒவ்வொருவரின் பெயரும் இருக்கிறதா? உங்கள் ஷோவில் அந்தப் பக்கத்தை எழுதப்போவது நீங்கள்தான்.